ஆவணியில் வந்த ஸ்பீக்கர்

உட்காருங்கள் தம்பி. ஸ்பீக்கர் எங்கேயும் ஓடிப்போகாது. அதோ, அலமாரி மேல் துண்டு போட்டு மூடி வைத்திருக்கிறேனே, அதுதான். துண்டை எடுக்காதீர்கள். முதலில் உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அது என் வீட்டுக்காரியுடையது. அவள் இப்போதெல்லாம் அதில் உட்காருவதில்லை. இருந்தாலும் நீங்கள் இதில் உட்காருங்கள்.

பால் பூத்தில் நான் ஒட்டிய தாளைப் பார்த்துத்தானே வந்தீர்கள்? 'வயர் இல்லாத ஸ்பீக்கர், புத்தம் புதிது, தகுதியானவர்களுக்கு மட்டும் விற்கப்படும்.' அந்தத் 'தகுதி'யைப் படித்துவிட்டு ஊரே சிரிக்கிறதாம். பால் பூத்துக்காரன் என்னிடமே கேட்டான், "என்ன அண்ணாச்சி, ஸ்பீக்கருக்கு மாப்பிள்ளை பாக்கீகளா?" என்று. சிரிக்கட்டும். உங்களுக்கு முன்னால் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரையும் திருப்பி அனுப்பிவிட்டேன். ஒருவன் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருக்கிறானாம். இரும்பைத் தூக்குகிறவனுக்குப் பாட்டு எதற்கு? இன்னொருவர், பகலில் வீட்டில் நாய் தனியாக இருக்கிறது, அதற்குத் துணையாகப் போட்டுவிட்டுப் போகலாம் என்றார். நாய்க்கு! மூன்றாவது ஆள் லோடு ஆட்டோவில் காய்கறி விற்கிறவன். "தக்காளி, தக்காளின்னு கத்திக் கத்தித் தொண்டை போச்சு சார்" என்றான். நான் தேடித் தேடி எடுத்த பொருள் தெருத் தெருவாகத் தக்காளி என்று கத்த வேண்டுமா?

கேட்கிறதா? அதுதான், எதிர் வீட்டுச் சத்தம். நடுவில் நாலடி நடைதான் இருக்கிறது. அங்கே ஒரு பாட்டுப்பெட்டி ஓடுகிறது பாருங்கள், அதைப் பாட்டு என்று சொல்ல உங்களுக்கு மனம் வருகிறதா? தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரி இல்லை? இப்போது ஒரு சிரிப்பு கேட்டதே, கொஞ்சம் கரகரவென்று, அது என் வீட்டுக்காரி உலகம்மாள். நாலு மணிக்குப் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவாள். இந்த ஸ்பீக்கரை வாங்கியதே அவளுக்காக. அவள் அங்கே, ஸ்பீக்கர் இங்கே. அதனால்தான் விற்கிறேன். அருமை தெரியாத வீட்டில் நல்ல பொருள் இருக்கக்கூடாது.

நான் யார் என்று உங்களுக்குத் தெரியாது. ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட் பக்கம் போய்ச் செலக்டர் சுடலைமுத்து என்று கேளுங்கள், சொல்வார்கள். நூற்பாலையில் பஞ்சு செலக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். செலக்டர் வேலை என்றால் என்ன தெரியுமா? லாரி லாரியாகப் பஞ்சுப் பொதி வந்து இறங்கும். ஒரு பொதிக்குள் கையை விட்டு ஒரு சிட்டிகை பஞ்சை எடுப்பேன். இரண்டு கைப் பெருவிரலாலும் இழுத்து இழுத்து, இழை எவ்வளவு நீளம், எவ்வளவு பலம், எவ்வளவு குப்பை என்று பார்ப்பேன். பிடிக்கவில்லை என்றால் 'தள்ளு' என்று ஒரே வார்த்தை. அப்படியே திரும்பிப் போகும் லாரி. குண்டூரிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் ஒருமுறை என் முன்னால் அழுதே விட்டார். தள்ளியது தள்ளியதுதான். என்னை எங்கள் சொந்தத்தில் எல்லாவற்றுக்கும் கூப்பிடுவார்கள். புடவை எடுக்க, மாடு பிடிக்க, சம்பந்தம் பேச. ஏன் கூப்பிடுகிறார்கள்? என் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது என்றுதான்.

கண் என்றதும்தான் கதைக்கு வருகிறேன். ஆனி மாதக் கடைசியில் உலகம்மாளுக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று. விழித்திரையில் சின்ன ஓட்டை. மதுரையில் செய்தோம். செய்துவிட்டு டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? "கண்ணுக்குள்ள காத்துக்குமிழ் வச்சிருக்கோம். அது மேல எழும்பிப் போய் அந்த ஓட்டையை அமுக்கிப் பிடிக்கணும். அதனால அம்மா ரெண்டு வாரம் குப்புறத்தான் படுக்கணும். உக்காந்தாலும் தலையைக் குனிஞ்சேதான் உக்காரணும்." சாப்பிடுவது, காப்பி குடிப்பது, எல்லாம் தரையைப் பார்த்தபடி. அதற்குப் பிறகும் ஒரு மாதம் டிவி, படிப்பு எதுவும் ஆகாது. வீட்டுக்கு வந்து கட்டில் ஓரத்தில் முகம் வெளியே தொங்குகிற மாதிரி படுத்துக்கொண்டாள். நாள் முழுக்க அவள் பார்த்தது இந்த வீட்டுத் தரையைத்தான். "இந்த டைல்ஸ்ல எத்தனை புள்ளி இருக்குன்னு இப்பத்தாங்க தெரியுது" என்றாள் ஒருநாள். எண்ணிப் பார்த்தாளோ என்னவோ.

என் மகன் திருமலை பூனாவிலிருந்து போன் செய்தான்.

"அப்பா, அம்மா சும்மா படுத்துக் கிடந்தா பைத்தியம் பிடிச்சிரும். ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கிப் பக்கத்துல வைங்க. பாட்டாவது கேட்கட்டும். நான் இங்கருந்தே ஆர்டர் போடவா? நாளைக்கே வந்திரும்."

"கையில் எடுத்துப் பார்க்காத பொருள் இந்த வீட்டுக்குள்ள வராதுப்பா" என்றேன்.

"அப்பா, அது ஸ்பீக்கர். பஞ்சு இல்ல."

பார்த்தீர்களா பேச்சை? எல்லாமே பஞ்சுதான் தம்பி. எடுக்கத் தெரிந்தவனுக்கு எல்லாமே பஞ்சுதான். மில்லில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மூன்று கொட்டேஷன் வாங்காமல் ஒரு துடைப்பம்கூட வாங்க மாட்டேன். இங்கேயும் அதே முறைதான். நானே போய், நானே கேட்டு, மூன்று கடை பார்த்துத்தான் வாங்குவேன் என்று சொல்லிவிட்டேன். உலகம்மாள் தரையைப் பார்த்தபடியே, "ஏதாவது ஒண்ணு வாங்கிட்டு வந்திருங்களேன்" என்றாள்.

ஏதாவது ஒன்று! செலக்டர் பெண்டாட்டி பேசுகிற பேச்சா இது?

அதுவரைக்கும் டிவி சத்தத்தைக் கேட்கலாமே என்பீர்கள். கேட்டுப் பார்த்தாள். படம் தெரியாமல் சத்தம் மட்டும் வந்தால் யாரோ பக்கத்து அறையில் சண்டை போடுகிற மாதிரி இருக்கிறது என்றாள். அவளிடம் இருப்பது பட்டன் போன். என் செல்போனில் பாட்டுப் போட்டுக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். செல்போனை நான் கடைக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டாமா? அதில்தானே சோதனைப் பாட்டு இருக்கிறது! என் அக்கா மகன் கல்யாணத்தில் நானே பதிவு செய்த நாதஸ்வரமும் தவிலும். நல்ல ஸ்பீக்கர் என்றால் தவிலின் வலது பக்கம் 'கிண்'ணென்று கேட்க வேண்டும், இடது பக்கம் வயிற்றில் அதிர வேண்டும். இரண்டும் குழம்பினால் தள்ளு. ஒவ்வொரு கடையிலும் முழுதாக அதைப் போட்டுக் கேட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் தவில் முழங்க ஆரம்பித்ததும் வெளியே போன ஒரு பாட்டி உள்ளே வந்து, "யாரு வீட்டுல விசேஷம்?" என்று கேட்டது. அந்த அளவுக்குச் சோதனை.

கடைக்காரர்கள் யார் என்கிறீர்கள்? காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு நிற்கிற பயல்கள்.

"சார், இதுல பேஸ் செமையா இருக்கும்."

"பேஸை விடு. தவில் எப்படி இருக்கும்?"

"அதுவும் செமையா இருக்கும் சார். தண்ணிக்குள்ள போட்டாலும் ஒண்ணும் ஆகாது."

"பாட்டைத் தண்ணிக்குள்ள போட்டு எதுக்குய்யா கேக்கணும்?"

"நீச்சல் குளத்துல மிதக்கவிட்டுக் கேக்கலாம் சார்."

"ராஜபாளையத்துல எவன் வீட்டுலய்யா நீச்சல் குளம் இருக்கு? முனிசிபாலிட்டி தண்ணியே ஒழுங்கா வரல."

அவன் விழித்தான். விழிக்கத்தான் செய்வான். தான் விற்கிற பொருளைத் தானே ஒரு நாள் வீட்டில் வைத்துக் கேட்டிருப்பானா? இன்னொரு கடையில் ஒரு ஸ்பீக்கரோடு நாம் பேசலாமாம். 'பாட்டுப் போடு' என்று சொன்னால் போடுமாம். நான் "நிறுத்து" என்றேன். நிற்கவில்லை. கடைக்காரன் சொன்னால் நிற்கிறது. யார் சொன்னால் கேட்பது என்று தானே முடிவு செய்கிற சாமானை எவனாவது காசு கொடுத்து வாங்குவானா? தள்ளு.

செல்போனில் பார்த்தால் அதைவிடக் கூத்து. ஸ்பீக்கர் எப்படி இருக்கிறது என்று சொல்வதற்கென்றே சில பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பெட்டியைப் பிரிப்பதற்கே பாதி நேரம். "வாவ், கலர் பாருங்க" என்கிறான். ஸ்பீக்கருக்குக் கலர்! காதால் கேட்கிற பொருளைக் கண்ணால் பார்த்து வாங்கச் சொல்கிறவனுக்கு லட்சக்கணக்கில் ஆள் கூட்டம். அத்தனையையும் ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். என்ன, எல்லாவற்றையும் பார்க்காமல் தள்ளக்கூடாது அல்லவா?

தினமும் சாயங்காலம் வந்து உலகம்மாளிடம் விவரம் சொல்வேன். எந்தக் கடை, எத்தனை வாட்ஸ், பேட்டரி எவ்வளவு நேரம், எதைத் தள்ளினேன், ஏன் தள்ளினேன். எல்லாம் சொல்வேன். அவள் தலையைத் தூக்கக் கூடாது அல்லவா, அதனால் அவள் முதுகைப் பார்த்துத்தான் சொல்வேன். ஒருநாள் நான் பேசி முடித்ததும், "அது கிடக்கட்டுங்க. நீங்க கொஞ்ச நேரம் இப்படி உக்காந்து வேற ஏதாவது பேசிட்டு இருங்களேன்" என்றாள். வேறு என்ன பேசுவது? தவிரவும் கடையை எட்டு மணிக்கு மூடிவிடுவான். "உனக்காகத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

இந்த இடத்தில்தான் எதிர் வீட்டுக்காரி நுழைகிறாள்.

செல்லக்கனி என்று பெயர். வீட்டிலேயே மிஷின் போட்டு நைட்டி தைக்கிறவள். நைட்டி! ஒரே அளவு, ஒரே வெட்டு, யார் போட்டாலும் தொளதொளவென்று இருக்கும். அதில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது? அவள் வைத்திருக்கிற ஸ்பீக்கரும் அதே ரகம்தான். கோயில் கொடை விழாவில் கடை போட்டிருந்தவனிடம் வாங்கினாளாம். உருண்டையாகப் பூசணிக்காய் மாதிரி இருக்கும். பாட்டுப் போட்டால் உடம்பெல்லாம் சிவப்பு, பச்சை, நீலம் என்று விளக்கு எரியும். என்னைக் கேட்காமல் ஒருநாள் அதைக் கொண்டுவந்து உலகம்மாள் கட்டிலுக்குக் கீழே, அவள் முகத்துக்கு நேரே, தரையில் வைத்துவிட்டாள்.

நான் கடையிலிருந்து வருகிறேன், என் வீட்டுக்குள்ளிருந்து அந்தத் தகரச் சத்தம். தரையெல்லாம் சிவப்பும் பச்சையும் ஓடுகிறது. உலகம்மாள் குப்புறப் படுத்தபடி காலை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். அறுபது வயதில் காலை ஆட்டுகிறாள்!

"என்ன இது?" என்றேன்.

செல்லக்கனி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மதினிக்குப் பொழுது போகணும்லா அண்ணாச்சி. நீங்க வாங்குத வரைக்கும் கிடக்கட்டும்னு வச்சேன். எனக்கு மிஷின் சத்தத்துல இது கேக்கவா போவுது?"

"கண் ஆபரேஷன் பண்ணினவங்க முன்னால விளக்கு எரிய விடலாமா? புத்தி இருக்கா?"

"டாக்டர்கிட்ட கேட்டேங்க. ஒண்ணும் செய்யாதுன்னாரு" என்றாள் உலகம்மாள் தரையைப் பார்த்தபடி. எப்போது கேட்டாள்? யார் போன் போட்டுக் கொடுத்தது? அதைக்கூட என்னிடம் சொல்லவில்லை.

"விளக்கு செய்யாது. சத்தம் செய்யும். கெட்டதைக் கேட்டுக் காது பழகிட்டா அப்புறம் நல்லது பிடிக்காது" என்றேன். உண்மைதானே தம்பி? மோசமான பொதி ஒன்று கலவைக்குள் போய்விட்டால் மொத்த நூலும் அறுந்துகொண்டே இருக்கும். இதை முப்பது வருடம் பார்த்தவன் நான். உடனே அதை எடுத்து, அணைத்து, எதிர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அணைக்கிற பொத்தானைத் தேடுவதற்குள் இன்னும் இரண்டு வரி பாடிவிட்டது சனியன்.

திரும்பி வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. உலகம்மாளின் கால் இப்போது ஆடவில்லை. அவளும் புரிந்துகொண்டாள் என்றுதான் நினைத்தேன்.

மறுநாளிலிருந்து செல்லக்கனி ஸ்பீக்கரைக் கொண்டுவரவில்லை. தானே வந்துவிட்டாள்! தைத்த நைட்டிகளை ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டுவாள். வெட்டிக்கொண்டே பாடுவாள். அந்தக் குரலுக்கு அவளுடைய பூசணிக்காயே மேல். பாதிப் பாட்டுக்கு வரி தெரியாது, 'லாலலா' என்று நிரப்புவாள். மீதிக்கு ஊர்க்கதை. ஒருநாள் நான் படியேறி வரும்போதே சிரிப்பு கேட்கிறது. உள்ளே வந்தால் உலகம்மாளின் முதுகு குலுங்குகிறது. தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"சிரிக்காதே! குமிழ் நகர்ந்துரும்!" என்று அதட்டினேன்.

"நகராது அண்ணாச்சி. குப்புறக் கிடந்துதானே சிரிக்காவ" என்றாள் செல்லக்கனி. இருவரும் மறுபடியும் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? நான் கேட்டால், "சும்மா" என்றாள் உலகம்மாள். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் இருக்கிற வார்த்தை அது. என்ன வேண்டும் என்றால் சும்மா. என்ன யோசிக்கிறாய் என்றால் சும்மா.

இரண்டு வாரம் முடிந்து மதுரைக்குப் பரிசோதனைக்குப் போனோம். செல்லக்கனியும் கூட வந்தாள். ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று. ஆஸ்பத்திரியில் கூட்டம். இருவரையும் வரிசையில் உட்கார வைத்துவிட்டு நான் டவுன்ஹால் ரோட்டுக்கு நடந்தேன். மூன்றாவது கொட்டேஷன் பாக்கி இருந்தது அல்லவா? அங்கே ஒரு கடையில்தான் இதைப் பார்த்தேன். துண்டுக்குள் இருக்கிறதே, இதைத்தான். தவிலைப் போட்டேன். வலது பக்கம் 'கிண்'. இடது பக்கம் வயிற்றில் வந்து விழுந்தது. நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. கல்யாண வீட்டில் யாரோ "சாம்பார், சாம்பார்" என்று கூப்பிட்டது கேட்டது தம்பி! அத்தனை வருடம் அந்தப் பதிவில் சாம்பார் இருந்ததே எனக்குத் தெரியாது. இதுதான் பொருள் என்று முடிவு செய்தேன். ஊருக்கு வந்து நம்ம பஜார்க் கடையிலேயே வரவழைத்துத் தரச் சொல்லலாம் என்று பெயரைக் குறித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பினால் இருவரும் வாசலில் வேப்பமர நிழலில் நிற்கிறார்கள். உலகம்மாள் நிமிர்ந்து நிற்கிறாள்.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஓட்டை மூடிருச்சாம் அண்ணாச்சி. மதினி இனிமே நிமிந்து நடக்கலாமாம்" என்றாள் செல்லக்கனி. என் வீட்டுக்காரி கண்ணைப் பற்றி எனக்குச் சொல்ல இவள் யார்? இருந்தாலும் கோபத்தைக் காட்டவில்லை. நல்ல செய்தியோடு நல்ல செய்தியாக, "ஸ்பீக்கர் கிடைச்சிருச்சு" என்றேன். உலகம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு முதல் முறையாகப் பார்க்கிறாள். "அப்படியா" என்றாள். அவ்வளவுதான். பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஊர் வருகிறவரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சரி, அன்றைக்கே ஏன் வாங்கவில்லை என்கிறீர்களா? கேட்பீர்கள் என்று தெரியும். அப்போது ஆடி பிறந்துவிட்டது. ஆடித் தள்ளுபடி என்று கடையெல்லாம் பேனர் கட்டியிருக்கிறான். ஆடியில் வாங்கினால் விலை குறைவு. ஆனால் ஆடியில் புதுப்பொருளை வீட்டுக்குள் கொண்டுவரலாமா? கூடாது. எங்கள் வீட்டில் ஆடியில் ஒரு கரண்டிகூட வாங்கியதில்லை. யோசித்தேன். ஆடியிலேயே பஜார்க் கடையில் தள்ளுபடி விலைக்குப் பணத்தைக் கட்டிவிட்டு, பொருளைக் கடையிலேயே வைத்திருக்கச் சொன்னேன். ஆவணி பிறந்து நல்ல நாள் பார்த்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன். எப்படி? இதுதான் மூளை என்பது.

கடைக்காரன் தலையைச் சொறிந்தான். "அண்ணாச்சி, வீட்டுல அம்மாவுக்கு முடியலன்னுதானே அவசரமா வாங்குறதாச் சொன்னீங்க?"

"அவசரம்தான். அதுக்காக முறையை விட முடியுமா?"

"ஆடின்னா கல்யாணம்தான் பண்ணக்கூடாது. பாட்டுக் கேக்கலாம் அண்ணாச்சி."

"நீ ஆடித் தள்ளுபடியை நிறுத்து, நான் ஆடியில எடுத்துட்டுப் போறேன்" என்றேன். ரசீதைக் கிழித்துக் கொடுத்தான்.

உலகம்மாளிடம் சொன்னேன். அப்போது அவள் டிவி பார்க்கக்கூடாது, படிக்கக்கூடாது, ஆனால் நடமாடலாம் என்கிற நிலை. "ஆவணிக்கா?" என்றாள். "ஆவணிக்கு" என்றேன். அன்றைக்குச் சாயங்காலம்தான் முதல் முறையாக எழுந்து, தலையை வாரிக்கொண்டு, எதிர் வீட்டுக்குப் போனாள். மறுநாளும் போனாள். அந்தப் பூசணிக்காய் விளக்கெரிய, மிஷின் ஒரு பக்கம் ஓட, இவள் நைட்டி மடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கூலிக்கா என்றால் இல்லையாம். சும்மாவாம்.

ஆவணி வந்தது. வளர்பிறை, நல்ல நேரம் பார்த்துப் போய் எடுத்துவந்தேன். பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன். இதோ இந்த மேசையில் வைத்தேன். உலகம்மாளை எதிர் வீட்டிலிருந்து கூப்பிட்டு, அந்த நாற்காலியில் உட்கார வைத்தேன். கதவைச் சாத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன், மின்விசிறியை நிறுத்தினேன். தவிலைப் போட்டேன்.

முழுதும் கேட்டாள். முகத்தில் வேர்வை. சாம்பார்க்காரன் கூப்பிட்ட இடத்தில் நான் கையைத் தூக்கிக் காட்டினேன், "கேட்டாயா, கேட்டாயா?" என்று. தலையை ஆட்டினாள். முடிந்ததும், "நல்லா இருக்குங்க. ரொம்பச் சுத்தமா இருக்கு" என்றாள். சுத்தமாக இருக்கிறதாம்! விளக்கிவைத்த பாத்திரமா இது? சரி, இன்னொரு முறை போடட்டுமா என்று நான் கேட்பதற்குள் எழுந்துவிட்டாள். "செல்லக்கனிக்கு இன்னிக்கு உருப்படி நிறைய இருக்கு" என்று சொல்லிக்கொண்டே மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் அவள் அங்கே போனதும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இதை ஓட்டினேன். சத்தத்தை முழுதாக வைத்தேன். நல்லதைக் கேட்டால் காது தானாக இந்தப் பக்கம் வரும் என்று நினைத்தேன். நடையெல்லாம் அதிர்ந்தது. கீழ் வீட்டுக் குழந்தை அழுதது. எதிர் வீட்டுக் கதவு திறந்தது. வந்தது செல்லக்கனி.

"அண்ணாச்சி, ஒரு பொட்டு குறைச்சு வைக்கேளா? எங்களுக்கு இங்கன பாட்டு கேக்க மாட்டேங்கு."

எங்களுக்காம். எங்களுக்கு! உலகம்மாளும் சேர்த்தி அதில். குறைக்க மாட்டேன் என்றேன். அவள் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. சாத்தினது அவள்தானா, உள்ளே இருந்து வேறு யாராவது எழுந்து வந்து சாத்தினார்களா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு இதை அணைத்துத் துண்டைப் போட்டவன்தான்.

ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன். "வீட்டுல இவ்வளவு நல்ல ஸ்பீக்கர் இருக்கு. அங்க போய் அந்தத் தகரத்தைக் கேக்குறியே, உனக்குக் காது இல்லையா?" என்று. ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள், "பாட்டு எங்கயும் கேக்கலாங்க. நான் கீழ பாத்துக் கிடந்தப்ப அவ வந்து தரையில உக்காந்தா. அவ முகம் ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்சது" என்றாள். இது என்ன பதில்? நான் ஸ்பீக்கரைப் பற்றிக் கேட்கிறேன், இவள் தரையைப் பற்றிப் பேசுகிறாள். அதனால்தான் மறுநாள் பால் பூத்தில் தாளை ஒட்டினேன். அவளிடமும் சொன்னேன், விற்கப்போகிறேன் என்று. "சரிங்க" என்றாள். ஒரு வார்த்தை 'ஏன்' என்று கேட்கவில்லை.

இப்போது சொல்லுங்கள். உங்களுக்கு எதற்கு இது? சமையலறையிலா? உங்கள் வீட்டுக்காரி சமைக்கும்போது கேட்பதற்கா? எண்ணெய்ப் பிசுக்கு ஏறும் தம்பி. குக்கர் விசிலடிக்கும்போது நாதஸ்வரக்காரர் மூச்சு கேட்குமா? அவர் எதைக் கேட்பார்? ... ஓ. பாட்டுப் பெயரெல்லாம் சொல்கிறீர்களே. அவர் தோசைக்குத் தனியாக ஒரு பாட்டு வைத்திருக்கிறாரா? அது உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்களும் சமையலறையில் நிற்பீர்களா? தேங்காய் துருவுவீர்களா? நன்றாக இருக்கிறது கதை.

இல்லை, உங்களுக்கும் தர மாட்டேன். கோபப்படாதீர்கள். பஜாரில் இதே ஸ்பீக்கர் கிடைக்கும், என் பெயரைச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். தள்ளியது தள்ளியதுதான்.

கொஞ்சம் நில்லுங்கள். இவ்வளவு நேரம் உட்கார்ந்துவிட்டீர்கள், ஒரு சின்ன உதவி. போகும்போது எதிர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். செல்லக்கனி வந்தால் வேண்டாம், உலகம்மாளைக் கூப்பிடச் சொல்லுங்கள். 'ஸ்பீக்கர் பார்க்க வந்தேன், ஓட்டிக் காட்டச் சொன்னேன், பாட்டு எதுவும் அகப்படவில்லை. அம்மா, நீங்கள் எந்தப் பாட்டைக் கேட்பீர்கள்?' என்று சும்மா கேளுங்கள். நீங்களாகக் கேட்கிற மாதிரி இருக்க வேண்டும். நான் அனுப்பினேன் என்று தெரியக்கூடாது. தெரிந்தால் அவள் 'சும்மா' என்று சொல்லிவிடுவாள். என்ன சொல்கிறாளோ அதை அப்படியே என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போங்கள். முதல் வரி போதும், மீதியைச் செல்போனில் நான் தேடிக்கொள்வேன்.

என்ன பார்க்கிறீர்கள்? கல்யாணமாகி எத்தனை வருடமா? அது எதற்கு உங்களுக்கு?

முப்பத்தெட்டு. சிரிக்காமல் போய்த் தட்டுங்கள்.